கொழும்புத் துறைமுகத்துக்குத் 'தேனீ' வந்த கதை தெரியுமா? ஒரு சாணுக்குள் இத்தனை அதிசயமா!

தூத்துக்குடியில் வெங்காய மூட்டை ஏற்றிய தேனீ ஒன்று, கடலைக் கடந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியுமா? சிரிக்காதீர்கள். எழுத்தில் இருக்கிறது! என் ஃபோனில் இன்னமும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஒரு தாத்தா இருக்கிறார். வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் வாயால் அந்தக் காலத்துக் கதைகளைப் பதிந்து, பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலி ஒன்றிடம் கொடுத்தேன். தாத்தா சொன்னது 'தோணி'. செயலி எழுதியது 'தேனீ'! ஒரே பக்கத்தில் பதினொரு தேனீ. தேனீயில் பாய்மரம் கட்டினார்கள், தேனீக்குள் தண்ணீர் புகுந்தது, தேனீ கவிழ்ந்து இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள்... வாசித்துவிட்டு நான் செயலியைத் திட்டாத திட்டு இல்லை.

மறுநாள் போனேன். அதே தாத்தா, அதே ஃபோன், அதே செயலி. மாற்றியது ஒன்றே ஒன்று. மேசையின் மறு கோடியில் கிடந்த ஃபோனை எடுத்து, நாலு பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி அதன் மேல் சாய்த்து, தாத்தாவின் நாடிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். தேனீ எல்லாம் பறந்துவிட்டன! தோணி வந்து கரை தட்டியது.

ஒரு சாண். அவ்வளவுதான்! அந்த ஒரு சாணுக்குள் என்னதான் நடக்கிறது?

எண்சாண் உடம்பு என்கிறோமே, அந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது, தெரியுமா? வாயிலிருந்து கிளம்பும் ஒலி, போகிற தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெலியும். ஒரு சாணில் இருக்கும் வலு, இரண்டு சாணில் காற்பங்கு. நாலு சாணில் பதினாறில் ஒரு பங்கு. எட்டுச் சாணில், அதாவது ஓர் ஆள் உயரத் தூரத்தில், 64இல் ஒரு பங்கு! டெசிபெல் கணக்கில் 18 குறைவு. இதில் அநியாயம் என்னவென்றால், தலைக்கு மேல் சுழலும் ஃபானின் இரைச்சலும் வீதி இரைச்சலும் ஃபோனை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வருமானம் 64இல் ஒன்றாகிவிட, கடன் மட்டும் குறையாமல் நின்றால் குடும்பம் நடக்குமா? அந்தக் கதைதான் செயலிக்கும்.

சரி, ஒரு சாண் நல்லதென்றால் ஒரு விரற்கடை இன்னும் நல்லதா? இல்லை! மிக நெருங்கினால் 'ப' வரும்போதெல்லாம் மூச்சுக் காற்று ஒலிவாங்கியில் மோதி 'டும்' என்று அடிக்கும். அதனால்தான் வானொலிக்காரர்கள் ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடிக்காமல், சற்றுப் பக்கவாட்டில் வைக்கிறார்கள். இதிலும் தமிழுக்கு ஒரு சலுகை உண்டு, தெரியுமா? உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'பால்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு கொன்வென்ட் ஆங்கிலத்தில், வெள்ளைக்காரர் மாதிரியே 'பேப்பர்' என்று சொல்லுங்கள். காற்று எதில் கூட என்று கையே சொல்லும். நம் 'ப' சாதுவான 'ப'!

இனி வரப்போவது கொட்டாஞ்சேனைக்காரர்களே பலர் அறியாதது. விவேகானந்தா மேட்டில் தினமும் ஏறி இறங்குகிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் உலகத்தின் மிகத் திறமையான பேச்சு எழுத்தாக்கக் 'கருவி' ஒன்றின் கதை இருக்கிறது, தெரியுமா?

1897 சனவரி 15. மேற்கு நாடுகளில் இருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்குகிறார். மறுநாள் மாலை புளோரல் ஹோலில் பேசுகிறார். திரும்பிய பின் கீழைத் தேசத்தில் அவருடைய முதல் பொதுப் பேச்சே அதுதான்! ஒலிபெருக்கி கிடையாது. ஒலிப்பதிவுக் கருவியும் கிடையாது. எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன, ஆனாலும் ஒரு மணி நேரப் பேச்சைப் பிடித்து வைக்கும் திராணி அதற்கு இல்லை. அப்படியென்றால் அந்தப் பேச்சு இன்றைக்கு நம் கையில் எழுத்தாக இருப்பது எப்படி?

கூட வந்த ஒரு மனிதரால்! பெயர் ஜோசையா ஜோன் குட்வின். ஆங்கிலேயர், சுருக்கெழுத்தாளர். 1895 இறுதியில் நியூயோர்க்கில் அவரை வேலைக்கு அமர்த்தினார்கள். அதற்கு முன்னே வந்தவர்களால் சுவாமியின் வேகத்தைப் பிடிக்க முடியவில்லையாம். குட்வின் பிடித்தார். சில நாட்களிலேயே சம்பளம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்! 'கொழும்பு முதல் அல்மோரா வரை' என்று இன்று புத்தகமாகக் கிடைக்கும் பேச்சுகளில் பெரும்பாலானவை அவர் பென்சில் முனை வழியாக வந்தவை. 1898 சூன் 2ஆம் திகதி ஊட்டியில் இறந்துபோனார். வயது 27. வெறும் 27!

இன்னொன்று. 'விவேகானந்தரின் உண்மைக் குரல்' என்று சிக்காகோப் பேச்சு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உருகி உருகிக் கேட்டிருப்பீர்கள். அது அவர் குரல் இல்லை, தெரியுமா? பின்னாளில் யாரோ பேசிப் பதிந்தது. குரல் போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது. பின்னர் 1902இல் தொடங்கிய கொழும்பு விவேகானந்த சபை இன்றும் அந்த மேட்டில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, சுவாமியை நினைக்கிற கையோடு அந்த 27 வயதுப் பையனையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

குட்வினின் காதுக்கும் நம் ஃபோனுக்கும் என்ன வித்தியாசம்? கேளுங்கள், இது இன்னும் வியப்பு. இன்றைய செயலிகள் பலவும் நீங்கள் பேசுவதைக் கேட்பதே இல்லை, 'பார்க்கின்றன'! ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உங்கள் பேச்சை 30 வினாடித் துண்டுகளாக நறுக்கும். வினாடியை நூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எந்தச் சுருதி எவ்வளவு தடிப்பு என்று கோலம் போடும். 30 வினாடிக்கு 3000 புள்ளி வரிசை! அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் இது 'தோ', இது 'தே' என்று ஊகிக்கிறது. அறையில் எதிரொலி இருந்தால் என்ன ஆகும்? ஈரக் கோலத்தின் மேல் சேலைத் தலைப்பு இழுபட்ட மாதிரி, ஒரு எழுத்து அடுத்த எழுத்தின் மேல் ஈஷிக்கொள்ளும். தாத்தாவின் தோணி தேனீயானது அப்படித்தான்.

விஸ்பர் படித்துத் தேர்ந்த ஒலிப்பதிவு எவ்வளவு தெரியுமா? 680,000 மணி நேரம். இரவு பகல் பாராமல் ஒருவர் கேட்டால் 77 ஆண்டுகள் பிடிக்கும்! ஆனால் பெரும்பங்கு ஆங்கிலம். ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கு எல்லாமாகச் சேர்த்து 117,000 மணி நேரம். நம் தமிழ் அந்தத் தொண்ணூற்றாறில் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்காக இதே குறையைத் தீர்க்க ஊர் ஊராகப் போய்ப் பேச்சுப் பதிந்தது. 145 மாவட்டங்கள், 22 மொழிகள், 16,237 பேர், 7,348 மணி நேரம் என்று 2024இல் வெளியிட்டார்கள். அபார வேலை! ஆனால் அந்த 145இல் கொட்டாஞ்சேனை வராதே.

வராததால் என்ன நட்டம்? ஒரு சொல்லில் காட்டுகிறேன். கனடாவில் இருக்கும் ஊர்: நம்மவர் எழுதுவது 'ரொறன்ரோ'. தமிழ்நாட்டில் எழுதுவது 'டொராண்டோ'. வாய் ஒன்று, ஊர் ஒன்று, எழுத்து வேறு! 'ரெலிபோன்' என்றும் 'டெலிபோன்' என்றும் எழுதுவது இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மா தெளிவாகத்தான் கதைப்பார். செயலியோ தமிழ்நாட்டு எழுத்தில் தரும். பிழை அவருடையதா, செயலியுடையதா? இருவருடையதும் இல்லை. ஆனால் திருத்தப் போகிற கை நம்முடையது.

கொழும்பில் இன்னொரு சிக்கல், ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி. 'அந்த ஓட்டோக்காரன் ஹரி ஹரி என்று சொல்லிப்போட்டு வேற ரூட்டால போயிட்டான்' என்று யாராவது சொன்னால் அது நமக்கு நல்ல தமிழ். சிங்களத்தில் 'சரி சரி' என்ற அந்த 'ஹரி ஹரி' செயலிக்கோ பஜனை!

இந்த இடத்தில் ஒரு தந்திரம். விஸ்பர் போன்றவற்றில், தொடங்கும் முன்னே 'இந்தப் பேச்சில் இந்தப் பெயர்கள் வரும்' என்று எழுதிக் கொடுக்க ஓர் இடம் உண்டு. கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம், தோணி என்று போட்டுவிட்டால் அந்தப் பக்கம் சாயும். ஆனால் நீளப் பட்டியல் வேண்டாம். அங்கே கொள்வது 224 சிறு துண்டுகள்தான், தமிழோ இடம் பிடிக்கும் மொழி. கணினிக்குள் ஆங்கிலத்தில் கொட்டாஞ்சேனையை எழுத 8 பைட்டுகள் போதும். தமிழில் எழுத எத்தனை தெரியுமா? 36!

இரைச்சலுக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் அமைதியான நேரம் எது என்று கேட்டால் நான் அதிகாலை மூன்று மணி என்பேன், அதையும் நாய்கள் ஒப்புக்கொள்ளாது. கோயில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசல் பாங்கு, துறைமுகத்துக் கப்பலின் ஊதல், காகம். எல்லாவற்றுக்கும் மேலே சூண் பாண்! மாலையானால் பாண் விற்கும் ஓட்டோ ஒழுங்கைக்குள் நுழைந்து ஒரு மெட்டைப் போடுகிறதே, அது யாருடையது தெரியுமா? பேத்தோவன்! 1810 அளவில் எழுதிய 'ஃபியூர் எலீஸ்'. அப்போதே அவருக்குக் காது மங்கிக்கொண்டிருந்தது. காது மங்கிய மேதை எழுதிய மெட்டு, இருநூறு ஆண்டு கழித்துக் கொட்டாஞ்சேனையில் என் ஒலிப்பதிவைக் கெடுக்கிறது என்றால் இதை எங்கே போய்ச் சொல்ல? சூண் பாண் வந்தால் பதிவை நிறுத்துங்கள். ஒரு மாலுபாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விட்ட வாக்கியத்தை முதலில் இருந்து சொல்லச் சொல்லுங்கள். மென்பொருளால் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். இரைச்சலைத் துடைக்கும் துணியில் பேச்சின் ஓரமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செயலிக்குச் சில நேரம் துடைத்த பதிவைவிடத் துடைக்காத பதிவே மேல்.

இரைச்சலில் மனிதர் குரலும் தானாகவே உயர்கிறது, தெரியுமா? 1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டு சொன்னது. ஃபானை நிறுத்திப் பாருங்கள், கத்திக்கொண்டிருந்த மாமா மெதுவாகப் பேசத் தொடங்குவார். வியர்க்கும். இருபது நிமிடம் பதிந்து, ஐந்து நிமிடம் ஃபானைப் போட்டு, மறுபடி இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மயக்கம் வராது.

சத்தமே இல்லாவிட்டால் நல்லதுதானே? அங்கேதான் பேய் இருக்கிறது! நீண்ட மௌனம் வந்தால் இந்தச் செயலிகள் சும்மா இருக்க மாட்டாமல் தாமாகவே வாக்கியம் கட்டிவிடும். 'பார்த்ததற்கு நன்றி' என்று வணக்கம் சொல்லி முடித்துவைக்கும், இணையக் காணொளிகளைப் பார்த்துப் படித்த பழக்கம். 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விஸ்பரைச் சோதித்தபோது, ஏறக்குறைய நூறு துண்டுகளுக்கு ஒன்றில் யாருமே பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்தன! தாத்தா கண் கலங்கி நிறுத்திய அந்த அரை நிமிடத்தில் என் செயலி என்ன எழுதியது என்று இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், காதாலும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

எதிரொலியை அடக்க, கட்டட ஒலியியலுக்கு அடித்தளமிட்ட ஆய்வாளர் எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? மெத்தை! 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரை மண்டபத்தில் யார் என்ன பேசினாலும் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்தரை வினாடி அந்தரத்தில் நின்றது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிப்படுத்தச் சொன்னார்கள். மனிதர் என்ன செய்தார்? இரவு இரவாக, பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்தில் அடுக்கினார். ஓர்கன் குழலை ஊதி, நிறுத்தி, ஒலி எத்தனை வினாடியில் சாகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்! இன்றும் உலகம் அறையின் எதிரொலியைக் கணக்கிடும் சூத்திரம் அந்த மெத்தைச் சுமையில் பிறந்தது.

நம் கொட்டாஞ்சேனை லூசியா பேராலயத்தின் பெரிய குவிமாடத்துக்குக் கீழே பாட்டு எவ்வளவு இனிக்கிறது! அந்த நீண்ட எதிரொலிதான் காரணம். பாட்டுக்கு அமுதம், எழுத்தாக்கத்துக்கு விஷம். நம் வீடுகளோ சீமெந்துச் சுவர், மாபிள் தரை, இரும்பு யன்னல். ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். 'டப்' என்று அடங்கினால் நல்ல அறை, 'டங்ங்' என்று இழுத்தால் வேறு அறை தேடுங்கள். என் வீட்டில் ஆகச் சிறந்த ஒலிப்பதிவுக் கூடம் எது தெரியுமா? அம்மாவின் அலுமாரி! இரண்டு கதவையும் விரியத் திறந்து, தொங்கும் நாற்பது சேலைகளுக்கு முன்னால் கதிரையைப் போட்டுப் பேசினால், சுவர் என்று ஒன்று இருப்பதையே ஃபோன் மறந்துவிடும். நூல் சேலையே உத்தமம். காஞ்சிபுரம் பட்டு எனக்கு அவ்வளவாக உதவவில்லை; அம்மாவும் அதன் பக்கத்தில் என்னை விடவில்லை.

தாத்தாக்கள் கதை சொன்னால் 'உம்' கொட்ட வேண்டும் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். உம் கொட்டாவிட்டால் கதையே நின்றுவிடும்! ஆனால் ஒலிப்பதிவில் இந்த 'உம்' ஒரு கறையான். ஒவ்வொரு உம்மும் அவருடைய ஒரு சொல்லின் மேல் ஏறி உட்காரும். இரண்டு குரல் மோதினால் பிரித்துக் கேட்க மனிதருக்கு இரண்டு காதும் அவற்றுக்கு நடுவே ஒரு மூளையும் இருக்கின்றன. கொலின் செரி என்பவர் 1953இலேயே இதை ஆராய்ந்து வியந்தார். ஒரே துளையால் கேட்கும் ஃபோனுக்கு அந்த வித்தை ஏது? தலையை ஆட்டுங்கள், கண்ணால் கேளுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். மூன்று நாள் பழகினேன், கழுத்து வலித்தது.

தொலைபேசி அழைப்பைப் பதிந்து எழுத்தாக்குவோர் கவனிக்க! பழைய தொலைபேசிப் பாதை கடத்துவது 300 முதல் 3400 ஹேட்ஸ் வரைதான். 'ஸ' என்று சீறுகிறோமே, அதன் உயிர் பெரும்பாலும் 4000க்கு மேலே! அதாவது, அழைப்பில் 'ஸ'வும் 'ஃப'வும் முழுதாக வருவதே இல்லை, நம் மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அப்படியென்றால் வெளிநாட்டுச் சித்தப்பாவைப் பேட்டி எடுப்பது எப்படி? அவரையே தன் ஃபோனில் பதிந்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பதிந்த கோப்பை எம்பி3 ஆக்கி, பிறகு தரம் உயர்த்துகிறேன் என்று மறுபடி பெரிய கோப்பாக மாற்றுவோரும் உண்டு. துருவிய தேங்காயைத் திரும்பச் சிரட்டையில் ஒட்டவைக்கும் வேலை அது. இத்தனைக்கும் இடம்கூட அதிகம் தேவையில்லை. பேச்சுக்குப் போதுமான தரத்தில், சுருக்காமல் பதிந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 115 மெகாபைட்தான்!

அப்புறம் சில்லறை விஷயங்கள். ஃபோனின் ஒலிவாங்கி கீழ் விளிம்பில் குண்டூசித் துளையாக இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் அதைச் சுண்டுவிரலால் பொத்திக்கொண்டுதான் பதிகிறார்கள். ஃப்ளைட் மோட் போடுங்கள். நல்ல கட்டத்தில் அழைப்பு வந்து பதிவு நின்ற அனுபவம் எனக்கு இருமுறை. ஒலியளவு முள் உச்சியில் முட்டக் கூடாது. முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், வெட்டிய தலை முளைக்காது.

வேலை எல்லாம் முடிந்து, பிழை திருத்திய எழுத்தையும் ஒலியையும் எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். எழுத்தை அவர் பார்க்கவில்லை. ஒலியைப் போடச் சொன்னார். கேட்டதும் நெற்றி சுருங்கியது.

நம் குரலே பதிவில் நமக்கு அந்நியமாகக் கேட்பது ஏன் தெரியுமா? பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, தலையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. எலும்பு கனத்த சுருதிகளைக் கூட்டித் தரும். பதிவில் அந்த எலும்பு இல்லை. ஆகவே குரல் மெலிந்து, வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும்.

இதை நான் விளக்கத் தொடங்குமுன் தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது நான் இல்ல மகன். எங்க பெரிய அண்ணன் பேசுற மாதிரியே இருக்கு."

அண்ணன் இறந்து முப்பது வருடமாம். தாத்தா ஃபோனைத் தன் காதுக்கு ஒரு விரற்கடைக்குக் கொண்டுபோனார். சூண் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியது.

"அந்தத் தோணி கவிழ்ந்த இடத்தை இன்னொருக்காப் போடு."